இல்லாத விமானத்தைக் கட்டும்போது நேரும் குறைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டன் கட்டியிருக்கக்கூடிய, ஆனால் கட்டாமல் விட்ட ஒரு போர்விமானத்தை 1/72 அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்வது பல ஆண்டுகளாக என் மேசையில் நடந்துவரும் வேலை. பெரும்பாலும் ஹாக்கர் ஃபியூரி, குளோஸ்டர் கிளாடியேட்டர் என்ற இரண்டு பிரிட்டிஷ் இரட்டை இறக்கைப் போர்விமானங்களின் கிட்களிலிருந்து (மாதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டிகளிலிருந்து) முன்னதன் உடலையும் பின்னதன் இறக்கைகளையும் எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். இந்த இரண்டு கிட்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே குறைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கண்ணில் படும் அடையாளத்தின்படி பிரித்து, எளிதான காரணத்திலிருந்து செலவு வைக்கும் காரணம் வரை கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன்பாக ஒரு தாள் வேண்டும். உண்மையான விமானத்தைக் கட்டுகிறவருக்கு அளக்க ஒரு வரைபடம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. எனவே வரைகட்டத் தாளில் முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் மூன்றையும் மாதிரியின் அளவிலேயே வரைந்து, தலைப்பில் ஓர் ஆண்டை எழுதிவிடுங்கள். என் தாளில் இப்போது 1933 என்று எழுதியிருக்கிறது. இனி ‘தாள்’ என்று சொல்வதெல்லாம் இதையே குறிக்கும்.

முன்னாலிருந்து பார்த்தால் மேலிறக்கை சாய்ந்து தெரிகிறது

இரட்டை இறக்கை மாதிரிகளில் அதிகம் வரும் குறை இதுதான். அதிக நேரத்தைத் தின்பதும் இதுதான். முதலில் சாய்ந்திருப்பது மேலிறக்கை மட்டுமா, முழு விமானமுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாதிரியைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, நான்கு இறக்கை நுனிகளின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.

*கீழிறக்கையின் நுனிகளும் அதே அளவு வேறுபட்டால்,* மேலிறக்கையைத் தொடாதீர்கள். குறை தரையிறங்கு கால்களில் இருக்கிறது. அதற்கான பகுதிக்குச் செல்லுங்கள்.

*கீழிறக்கை சமமாக இருந்து மேலிறக்கை மட்டும் வேறுபட்டால்,* வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது அப்படியே விட்டுவிடலாம். அதற்கு மேல் இருந்தால் பின்வரும் வரிசையில் பாருங்கள்.

இரண்டு இறக்கைகளுக்கும் இடையே நிற்கும் தாங்குதண்டுகள் நுழையும் துளைகளில் பெயின்டோ பிளாஸ்டிக் பிசிறோ அடைத்திருக்கலாம். 0.5 மி.மீ. துளையூசியைக் கையால் சுழற்றித் துளைகளைச் சுத்தம் செய்து, ஒட்டாமலேயே பொருத்திப் பாருங்கள். நான் பார்த்த சாய்வுகளில் பல இந்த ஒரு வேலையிலேயே நீங்கிவிட்டன.

அடுத்து, தாங்குதண்டுகள் இடம் வலமாகவோ முன் பின்னாகவோ மாறியிருக்கலாம். மேலிறக்கை கீழிறக்கையைவிடச் சற்று முன்னே தள்ளி நிற்பதால் முன்தண்டின் நீளமும் பின்தண்டின் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போதே ஒவ்வொரு தண்டிலும் பென்சிலால் குறியிடுவது நல்லது. குறியிடாமல் வெட்டிவிட்டீர்கள் என்றால், கவராயத்தால் நான்கையும் அளந்து இணை சேருங்கள்.

மூன்றாவது காரணம் கலப்பு மாதிரிகளுக்கே உரியது. உடலுக்கும் மேலிறக்கையின் நடுப்பகுதிக்கும் இடையே நிற்கும் சிறிய தண்டுகள் அந்தந்தக் கிட்டின் உடலுக்கென்றே அளவெடுக்கப்பட்டவை. ஃபியூரியின் மேலிறக்கை 30 அடி நீளம். 1/72 அளவில் அது 127 மி.மீ. ஆகிறது. கிளாடியேட்டரின் இறக்கை 32 அடி 3 அங்குலம், அதாவது ஏறக்குறைய 136.5 மி.மீ. மேலும் ஃபியூரியின் கீழிறக்கை மேலிறக்கையைவிடக் குட்டையானது. கிளாடியேட்டரில் இரண்டும் ஒரே நீளம். ஆகையால் ஒரு கிட்டின் தண்டுகளை மற்றொரு கிட்டின் இறக்கையோடு அப்படியே சேர்த்தால் அவை தற்செயலாகத்தான் பொருந்தும். இங்கே வேலையின் வரிசையையே மாற்ற வேண்டும். தண்டுகளை ஒட்டி அவற்றின் மேல் இறக்கையை வைக்காமல், முதலில் தடித்த அட்டையால் ஒரு தாங்கி வெட்டி, தாளில் வரைந்த உயரத்திலும் முன்தள்ளலிலும் மேலிறக்கையை அதில் நிறுத்துங்கள். பிறகு இடைவெளியை அளந்து, பிளாஸ்டிக் கம்பியிலிருந்து தண்டுகளை வெட்டிச் செருகுங்கள். தண்டு இறக்கைக்கு இடம் சொல்லக்கூடாது. இறக்கையின் இடமே தண்டின் நீளத்தைச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று விமானங்கள் வீணாயின.

தண்டுகள் சரியாக இருந்தும் சாய்வு போகவில்லை என்றால், உடலின் இரண்டு பாதிகளும் ஒட்டும்போது முறுகியிருக்கலாம். பின்பக்கத்திலிருந்து பார்த்து, வாலின் கிடை இறக்கை கீழிறக்கைக்கு இணையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இணையாக இல்லையென்றால் உடலைப் பிளந்து மீண்டும் ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக, இறக்கையே வளைந்திருக்கலாம். அதைக் கழற்றிக் கண்ணாடியின் மேல் வைத்தால் ஆடும். கை பொறுக்காத அளவுக்குச் சூடான, ஆனால் கொதிக்காத நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாரம் ஏற்றி ஆறவிடுங்கள். ரெசின் (அச்சில் ஊற்றி உறையவைக்கும் பிசின்) இறக்கை பிளாஸ்டிக்கைவிட விரைவில் இளகும் என்பதால் அதற்குக் குறைந்த சூடே போதும்.

*மேலிருந்து பார்க்கும்போது ஒரு நுனி முன்னேயும் மற்றொன்று பின்னேயும் இருந்தால்,* இரண்டு நுனிகளிலிருந்தும் சுக்கானின் அச்சு வரை ஒரு நூலைப் பிடித்து நீளங்களை ஒப்பிடுங்கள். இங்கே பெரும்பாலும் குற்றவாளி நடுத்தண்டுகளில் ஒன்றுதான். அந்த ஒன்றை மட்டும் விடுவித்து, மறுபடி நிறுத்தி ஒட்டினால் போதும்.

பிளாஸ்டிக் தண்டுகள் இரண்டு முறை முறிந்துவிட்டால் மூன்றாம் முறை முயலாமல், பொற்கொல்லர் ஒருவரிடம் தாளைக் கொண்டுபோய்ப் பித்தளைக் கம்பியில் தண்டுகளைப் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். இறக்கையைத் தாங்கும் அட்டையையும் லேசர் வெட்டும் கடையில் கொடுத்து வெட்டலாம். வரைபடத்தில் எல்லா அளவையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள்.

இழுகம்பிகள் தொய்கின்றன, அல்லது இறக்கையை இழுத்து வளைக்கின்றன

*மறுநாள் எல்லாக் கம்பிகளும் ஒன்றாகத் தொய்ந்திருந்தால்,* கம்பியாகக் கட்டிய நூலின் வகையைப் பாருங்கள். பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்கேற்ப நீண்டும் சுருங்கியும் மாறுவதால் இந்த வேலைக்கு உதவாது. நைலான் தூண்டில் நரம்பு என்றால், கொளுத்திய ஊதுபத்தியின் நுனியை ஒரு விரல்கடைத் தொலைவில் நரம்பின் நெடுகிலும் மெல்ல நகர்த்துங்கள். அது சுருங்கி இறுகும். நரம்பைத் தொட்டுவிட்டால் அது அறுந்துவிடும். லைக்ரா போன்ற நெகிழ் இழையாக இருந்தால் சூடு காட்ட வேண்டாம். அதை முதலிலேயே சற்று நீட்டிப் பிடித்து ஒட்டியிருக்க வேண்டும்.

*ஒரு பக்கம் மட்டும் தொய்ந்திருந்தால்,* அந்தக் கம்பி ஒட்டிய இடம் விட்டிருக்கிறது. துளையின் ஆழத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான துளையில் சூப்பர் குளூ நெடுநாள் பிடிக்காது.

*கம்பி இறுக்கமாக இருந்து இறக்கை வளைந்திருந்தால்,* ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போயிருப்பீர்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதற்கு இணையான ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். வளைந்த இறக்கையைச் சரிசெய்ய, இழுக்கும் கம்பியை வெட்டிவிட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும்.

*கம்பிகள் சரியாக இருந்தும் கயிறு போலத் தடித்துத் தெரிந்தால்,* அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் விமானங்களின் இழுகம்பிகள் உருண்டையான வடம் அல்ல, காற்றைப் பிளக்கும் தட்டை வடிவக் கம்பிகள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1/72 அளவில் அவற்றுக்கு 0.1 மி.மீ. தடிமனே போதும். பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இழுத்தெடுக்கும் இழை அந்த மெல்லிய அளவுக்கு வரும், அதையும் ஊதுபத்தியால் இறுக்கலாம்.

மூக்குப்பகுதி உடலோடு சேராமல் படி நிற்கிறது

*படி ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால்,* மூக்கு கோணலாக ஒட்டியிருக்கிறது. ஒட்டுப்பொருளை விடுவித்து, தாளின் மேல்தோற்றத்தின் மேலேயே வைத்து மறுபடி நிறுத்துங்கள்.

*படி சுற்றிலும் இருந்தால்,* இரண்டு பகுதிகளின் குறுக்களவு வேறு. மூக்கு ரெசின் வார்ப்பாக இருந்தால், அது உறையும்போது சற்றுச் சுருங்குவதால் மூக்கே பெரும்பாலும் சிறியதாக இருக்கும். பட்டி பூசி மறைக்கும் ஆசை எழும். அரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டி வேண்டாம், அது காய்ந்தபின் உள்வாங்கி, வெள்ளி நிறத்தின் அடியில் பள்ளமாகத் தெரியும். உடலின் உட்புறத்தில் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, அதை வெளியே வரவிட்டு, உப்புத்தாளால் இரண்டும் சேரும்வரை தேய்த்துக் கொண்டுவருவதே நிலைக்கும். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

*சேர்ந்த இடம் சில நாளில் விட்டுவிட்டால்,* பிளாஸ்டிக் சிமெண்டைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது பாலிஸ்டைரீனை மட்டுமே உருக்கிச் சேர்க்கும். ரெசினுக்குச் சூப்பர் குளூவோ எபாக்சியோ வேண்டும், உள்ளே ஒரு பித்தளை ஊசியும் குத்திவைக்க வேண்டும்.

குறுக்களவு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் தேய்த்துத் தீராது. முப்பரிமாண அச்சுக் கடையில் அந்த உடலுக்கென்றே மூக்கை வரைந்து அச்சிடச் சொல்வதுதான் அப்போது மிச்சமிருக்கும் வழி.

வெள்ளி நிறம் சரியாக வரவில்லை

1920-களிலும் 1930-களின் பெரும்பகுதியிலும் பிரிட்டிஷ் போர்விமானங்களின் துணிப்பரப்பு அலுமினியத் தூள் கலந்த டோப் (துணியை இறுக்கும்) பூச்சினால் வெள்ளி நிறத்தில் இருந்தது. இதைப் பளபளக்கும் உலோகம் என்று எண்ணிப் பூசுவதே முதல் தவறு. ஃபியூரியின் இயந்திர மூடிகள் உலோகம், அவை மின்னலாம். அவற்றுக்குப் பின்னால் உள்ள துணி மென்மையான, சற்று வெளிறிய வெள்ளியாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே புட்டியிலிருந்து பூசினால் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் பொம்மையாகத் தெரியும். துணிக்கான வெள்ளியில் வெளிர்சாம்பலைச் சிறிது கலப்பது என் வழக்கம்.

*பூச்சு மணல் போலச் சொரசொரப்பாக இருந்தால்,* ஏர்பிரஷை மிகத் தொலைவில் பிடித்திருப்பீர்கள், அல்லது தின்னர் குறைந்திருக்கும். முதலில் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் தகட்டில் இரண்டையும் மாற்றிப் பூசிப் பாருங்கள்.

*பூச்சு பால் போல வெளுத்தால்,* ஈரக்காற்றில் லேக்கர் பூசியிருக்கிறீர்கள். மழை நாளில் வெள்ளி பூசாதீர்கள். வெளுத்த பூச்சின் மேல், காற்று உலர்ந்த நாளில், தின்னரை மட்டும் மெல்லிய புகையாக ஒரு முறை வீசினால் பல முறை தெளிந்துவிடும்.

*இணைப்புக்கோடுகளும் பட்டியின் விளிம்பும் தெரிந்தால்,* வெள்ளியின் மேல் எதைப் பூசியும் அவை மறையாது. சாம்பல்நிறப் பிரைமருக்குத் திரும்பி, விளக்கைத் தாழ்வாக வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்துச் சரிசெய்யுங்கள். மற்ற எந்த நிறத்துக்கும் இந்தச் சோதனை நல்லது. வெள்ளிக்கு இது கட்டாயம்.

*பிளாஸ்டிக்கே வெடித்துச் சிலந்திவலை போலக் கோடுகள் விட்டிருந்தால்,* தின்னர் அதை அரித்துவிட்டது. அந்தப் பகுதியை மாற்றுவதே வழி, இதற்கு வேறு மருந்து இல்லை.

வீட்டில் ஏர்பிரஷ் இல்லாதவர்கள், கம்பிகள் கட்டுவதற்கு முன்பாக, இறக்கைகள் தனித்தனியாக இருக்கும் நிலையில் மாதிரி செய்யும் அனுபவசாலி ஒருவரிடம் வெள்ளிப் பூச்சை மட்டும் ஒப்படைக்கலாம். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கடையில் கொடுக்காதீர்கள். அங்குள்ள தின்னர் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

டிகால்களின் அடியில் வெண்புகை தெரிகிறது, அல்லது பட்டைகள் சேரவில்லை

வெண்புகை என்பது டிகாலுக்கும் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படத்துக்கும்) பூச்சுக்கும் நடுவே சிக்கிய காற்று. வெள்ளிப் பரப்பின் மேல் மினுக்கு வார்னிஷ் பூசாமல் ஒட்டியதே காரணம். ஒட்டிய பின் தெரிந்தால், கூர் ஊசியால் அங்கங்கே குத்தி, டிகாலை இளக்கும் திரவத்தைத் தடவி ஓர் இரவு விடுங்கள். இரண்டு முறை செய்தும் போகவில்லை என்றால் நாடாவால் பிய்த்தெடுத்துப் புதிதாக ஒட்டுவதே சுத்தம்.

பட்டைகள் சேராத குறை கலப்பு மாதிரிகளில் தவிர்க்க முடியாதது. பிரிட்டிஷ் விமானப்படையின் 43-ஆம் படையணியின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோ, 25-ஆம் படையணியின் கறுப்புக் கோடுகளோ ஃபியூரியின் உடலுக்கேற்ப அச்சிடப்பட்டவை. நீங்கள் உடலை நீட்டியிருந்தால் அவை எட்டாது. கோடுகளை மறைப்பு நாடா ஒட்டிப் பெயின்டால் போடலாம். கட்டங்களை அப்படிப் போட முயன்று நான் தோற்றிருக்கிறேன். அவற்றுக்கு டிகால் அச்சிட்டுத் தருகிறவரிடம் சரியான நீளத்தைச் சொல்லிப் புதிதாக அச்சிடச் சொல்லுங்கள். வெள்ளைக் கட்டங்கள் இருப்பதால், வெள்ளை மை அச்சிடும் வசதி அவரிடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சாதாரண அச்சுப்பொறியில் அது இருப்பதில்லை.

ஒரு சக்கரம் தரையைத் தொடவில்லை

காலின் துளை அடைத்திருக்கிறதா, இரண்டு சக்கரங்களின் விட்டமும் ஒன்றா என்று பாருங்கள். அதன்பின் குறுக்கச்சு நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். சிறு வேறுபாட்டை உயர்ந்த பக்கத்துச் சக்கரத்தின் அடியைத் தேய்க்காமல், தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் அடியைத் தட்டையாகத் தேய்த்து நீக்கலாம். பாரம் தாங்கும் டயர் அப்படித்தான் இருக்கும்.

எல்லாம் நேராக இருந்தும் விமானம் நம்பும்படி இல்லை

இந்தக் குறையை அளவுகோலால் பிடிக்க முடியாது. விவரம் தெரிந்தவர் மாதிரியை நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்பார். எது என்று சொல்ல அவராலும் முடியாது. அந்த நேரத்தில் தாளின் தலைப்பில் எழுதிய ஆண்டுக்குத் திரும்புங்கள். கற்பனை விமானத்துக்கு உண்மையின் அளவுகோல் அந்த ஆண்டு ஒன்றே என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சின்னங்களைச் சோதியுங்கள், மாற்றுவதற்கு அவையே எளிது. சுக்கானின் மூவண்ணப் பட்டைகளில் 1930 வரை நீலம் முன்னே இருந்தது. அவ்வாண்டில் வரிசை தலைகீழாகிச் சிவப்பு முன்னே வந்தது. 1934-இல் பட்டைகளே சுக்கானிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே 1933 விமானத்தில் சிவப்பு முன்னே இருக்க வேண்டும், 1935 விமானத்தில் பட்டையே இருக்கக்கூடாது. மண்நிறமும் கரும்பச்சையும் கலந்த உருமறைப்பு போர்விமானப் படையணிகளில் பரவியது 1938-இன் மியூனிக் நெருக்கடியை ஒட்டித்தான். பதிவெண்ணின் எழுத்தும் காலத்தைச் சொல்லும்: ஜே வரிசை 9999-உடன் முடிந்து, 1929-இல் கே 1000 தொடங்கியது. ஹரிக்கேனின் முன்மாதிரி கே 5083, ஸ்பிட்ஃபயரின் முன்மாதிரி கே 5054. 1933-க்கு எல் எழுத்தில் எண் கொடுத்தால் அது பிழை.

அடுத்தது புரொப்பெல்லர். 1930-களின் தொடக்கத்துக்கு இரண்டு அலகுடைய மரப் புரொப்பெல்லரே பொருந்தும். தொடக்ககால ஹரிக்கேன்களும் ஸ்பிட்ஃபயர்களும்கூட அதையே சுழற்றின. உதிரிப் பெட்டியில் கிடைத்த மூன்று அலகு உலோகப் புரொப்பெல்லரைப் பொருத்தும் ஆசையை அடக்குங்கள்.

பிறகு விமானியின் இடமும் துப்பாக்கிகளும். 1935-இல் பணிக்கு வந்த குளோஸ்டர் காண்ட்லெட்டில் விமானி திறந்த வெளியில்தான் உட்கார்ந்தார். மூடிய கூண்டு கிளாடியேட்டரோடு 1937-இல் படையணிகளுக்கு வந்தது. ஃபியூரியில் மூக்கின் மேல் இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள். எஃப் 7/30 என்ற விமான அமைச்சகத்தின் குறிப்பீடு நான்கு கேட்டது, கிளாடியேட்டரில் மிச்ச இரண்டும் கீழிறக்கையின் அடியில் இடம்பெற்றன. உங்கள் விமானத்தில் நான்கு இருந்தால், தோட்டாப் பெட்டிக்கு இடம் எங்கே என்று தாளில் குறித்துப் பாருங்கள்.

செலவு வைக்கும் காரணம் குளிர்விப்பு. பெரும்பாலான கற்பனை விமானங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. ஃபியூரியின் இயந்திரமான கெஸ்ட்ரல் நீரால் குளிர்வது. அதன் ரேடியேட்டர் தரையிறங்கு கால்களுக்கு நடுவே வயிற்றில் தொங்கியது. அழகுக்காக அதை வெட்டியெறிந்துவிட்டு மூக்கை வழவழப்பாக்கினால், அந்தச் சூடு எங்கே போகும் என்ற கேள்விக்கு விமானத்தில் பதில் இருக்காது. பதில் தர இரண்டு வழிகள் அக்காலத்திலேயே இருந்தன. ஒன்று, பிரிஸ்டல் புல்டாக்கின் ஜூப்பிட்டர் போலவோ கிளாடியேட்டரின் மெர்க்குரி போலவோ காற்றால் குளிரும் வட்ட இயந்திரம். அதற்கு மூக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். மற்றொன்று, ரோல்ஸ்-ராய்ஸ் கோஷாக் இயந்திரத்தின் நீராவிக் குளிர்ப்பு. 1934-இல் பறந்த சூப்பர்மரீன் டைப் 224-இல் அந்த நீராவியை மீண்டும் நீராக்கும் அமைப்பு இறக்கையின் முன்விளிம்பில் இருந்தது. இதைத் தேர்ந்தெடுத்தால் இறக்கையின் முன்விளிம்பில் துணி விலா தெரியக்கூடாது. அங்கே உலோகத் தகடு வர வேண்டும், அதன் வெள்ளியும் வேறாக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு உண்மை விமானத்தில் ஓயாத தொல்லை கொடுத்தது என்பதால் வயிற்றிலோ இறக்கையடியிலோ ரேடியேட்டரைத் திரும்பப் பொருத்துவதையே நான் விரும்புவேன்.

இறக்கை இருக்கும் இடமே தவறாக இருப்பது எல்லாவற்றிலும் கடினமான காரணம். மூக்கை நீட்டிக் கனமான இயந்திரத்தை வைத்துவிட்டு இறக்கையைப் பழைய இடத்திலேயே விட்டால், விமானம் பறந்தால் மூக்குக் குப்புற விழும் என்று பார்ப்பவரின் கண் உணர்ந்துவிடும். மூக்கை எவ்வளவு நீட்டினீர்களோ அதற்கேற்ப இறக்கையும் முன்னே வந்திருக்கிறதா என்று பக்கத்தோற்றத்தில் ஃபியூரியின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரவில்லையென்றால் மேலிறக்கையும் நடுத்தண்டுகளும் கழற்றப்பட வேண்டும், அதாவது முதல் பகுதியின் வேலை முழுவதும் மறுபடியும் தொடங்கும். இந்தச் சோதனையைப் பெயின்டுக்கு முன், எல்லாப் பகுதிகளையும் நாடாவால் தற்காலிகமாகச் சேர்த்து, ஒரு புகைப்படம் எடுத்தே முடித்துவிடுங்கள்.

புகைப்படத்தைப் பார்த்தும் குறை எது என்று பிடிபடவில்லை என்றால், இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் ஷட்டில்வொர்த் பழைய விமானத் தொகுப்பிலுள்ள, இன்றும் பறக்கும் கிளாடியேட்டரின் பக்கத்தோற்றப் படத்தை அதே அளவுக்கு அச்சிட்டு அருகில் வையுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால், அக்கால விமானங்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒருவரிடம் இரண்டு படங்களையும், தாளையும், அதன் தலைப்பிலுள்ள ஆண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆண்டைச் சொல்லாமல் அனுப்பினால் அவரால் விடை சொல்ல இயலாது.